சத்தம் வராத விளையாட்டு

கண் விழித்தபோது வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. அதற்கே எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். ஆறு வயதுப் பிள்ளை இருக்கிற வீடு பட்டப்பகலில் இப்படி அடங்கிக் கிடந்தால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். ஆனால் இரவு முழுவதும் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக நின்று கால் வீங்கி வந்து படுத்தவளுக்கு அவ்வளவு சீக்கிரம் புத்தி வேலை செய்யாது. எனக்கு வந்தது பயமில்லை, சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்துக்காக நான் கொஞ்சமாகவா பாடுபட்டேன். எங்கள் வாண்டுவுக்குக் கையில் போன் இருந்தால்தான் சோறு இறங்கும், பிடுங்கினால் ஊரைக் கூட்டிவிடுவாள். ஒருநாள் அவள் தூங்கும்போது பார்த்தேன். ஆள்காட்டி விரல் மட்டும் தலையணையை மேலே தள்ளித் தள்ளி விட்டுக்கொண்டிருந்தது. மறுநாளே டிவி மேல் போர்வையைப் போட்டு மூடினேன். என் போன், அவளுக்கென்று ஒதுக்கியிருந்த பழைய போன் இரண்டையும் பிஸ்கட் டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜ் மேல் ஏற்றினேன். வாண்டு வீட்டில் இருக்கும்வரை அந்த டப்பாவை யாரும் தொடக்கூடாது என்பது சட்டம். என் வீட்டுக்காரரின் வேலை போனுக்கு மட்டும் விதிவிலக்கு. அவர் லிஃப்ட் மெக்கானிக். எங்காவது யாராவது மாட்டிக்கொண்டால் ஓட வேண்டும்.

போனைப் பிடுங்கினால் பிள்ளைக்கு வேறு ஏதாவது தர வேண்டுமே. அட்டைப்பெட்டியில் வீடு கட்டினார்கள் அப்பாவும் மகளும். பழைய சாக்ஸில் பொம்மை செய்து கல்யாணம் பண்ணி வைத்தார்கள். துணி கிளிப்புகளை வரிசையாக நிறுத்தி ரயில் ஓட்டினார்கள். எல்லாம் அருமையான விளையாட்டுதான், ஆனால் எல்லாவற்றிலும் சத்தம். நான் தூங்குவதோ பகலில். இரண்டு தடவை எழுந்து வந்து வள்ளென்று விழுந்தேன்.

"போனும் கூடாது, சத்தமும் கூடாதுன்னா எப்படி? ரெண்டுல ஒண்ணு கேளு" என்றார் அவர்.

"ரெண்டும்தான் கேப்பேன்" என்றேன்.

அப்படிப் பிறந்ததுதான் சத்தமில்லாத கண்ணாமூச்சி. எண்ணுகிறவர் மனசுக்குள் எண்ண வேண்டும். ஒளிந்திருக்கிறவர் மூச்சு விடக்கூடாது. தேடுகிறவர் கால் விரலை ஊன்றி நடக்க வேண்டும். அம்மா படுத்திருக்கிற அறை தடைசெய்யப்பட்ட பகுதி, அதற்குள் போகவே கூடாது.

இதில் ஒரு சிக்கல். என் வீட்டுக்காரருக்குத் தோற்கப் பிடிக்காது. பெற்ற பிள்ளையிடம்கூட விட்டுக்கொடுக்க மாட்டார். கண்டுபிடிக்க முடியாவிட்டால் திருட்டுத்தனம் செய்வார். "வாண்டு, கார்ட்டூன் போட்டுட்டேன், வா" என்பார். கதவைத் திறந்து சாத்திவிட்டு, வேலைக்குப் போய்விட்ட மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒருமுறை "பாப்பாவக் காணோமே" என்று பொய்யாக அழக்கூடச் செய்தார். பாவம், நிஜமென்று நம்பி ஓடி வந்து கண்ணைத் துடைத்துவிட்டவளை "அவுட்" என்றாராம். அன்று அவள் அழுத அழுகையில் நான் தலையிட்டுப் புதுச் சட்டம் போட வேண்டியதாயிற்று. அப்பா என்ன சொன்னாலும் நம்ப வேண்டாம். தோற்றவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தலையில் கை வைத்து, "நான் தோத்தாங்கோளி" என்று மூன்று தடவை சொன்னால்தான் ஆட்டம் முடியும். அதுவரை ஒளிந்தவர் வெளியே வரத் தேவையில்லை. இதுவரை அவர் ஒருமுறைகூட அதைச் சொன்னதில்லை.

அன்று நான் எழுந்து வந்தபோது கூடம் காலியாக இருந்தது. அவருடைய கருவிப் பை இல்லை. வாசலில் வாண்டுவின் சிவப்புச் செருப்பும் இல்லை. வேலைக்குப் போகிற வழியில் அவளைத் தன் தங்கை வீட்டில் விட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அவசர வேலை வந்தால் அப்படிச் செய்வதுண்டு.

டீ போட்டேன். சூடாகக் குடித்தேன், அதுவே எனக்குப் பெரிய விஷயம். பிள்ளைதான் இல்லையே என்று டப்பாவைத் திறந்து என் போனை எடுத்துக்கொண்டேன். அழுக்குத் துணியை மெஷினில் போட்டுத் தட்டிவிட்டேன். வேலை செய்யும் உற்சாகம் வந்துவிட்டது. எங்கள் கட்டிலுக்கு அடியில் இரண்டு பெரிய இழுப்பறைகள் உண்டு. ஒன்றின் சக்கரம் உடைந்து, அதைக் கழற்றிக் கூடத்துச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். ஊர் லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிற மனுஷனுக்கு வீட்டு இழுப்பறையைச் சரிசெய்ய நேரமில்லை. அது இருந்த இடம் பொக்கை வாய் மாதிரித் திறந்து கிடந்தது. அறை மூலையில் நின்று தினமும் என் காலை இடித்துக்கொண்டிருந்த பழைய துணிப் பெட்டியை அந்தப் பொந்துக்குள் தள்ளினேன். இறுக்கமாகத்தான் போனது. தரையில் உட்கார்ந்து இரண்டு காலாலும் உதைத்ததும் உள்ளே போய்க் கச்சிதமாக அடைத்துக்கொண்டது. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பிறகு கட்டிலில் கையையும் காலையும் பரப்பிப் படுத்து அக்காவைக் கூப்பிட்டேன். கொஞ்ச நேரம் வம்பு பேசினோம். அவள் வைத்த பிறகு யாரோ யாருக்கோ கேக் செய்து காட்டுகிற வீடியோ ஒன்றைப் பார்த்தேன். அது முடிந்ததும் இன்னொன்று வந்தது. என் விரலும் மேலே தள்ளித் தள்ளித்தான் விட்டுக்கொண்டிருந்தது.

வாசல் கதவு திறக்கும் சத்தம் கேட்டு எழுந்து போனேன். அவர் தோளிலிருந்து பையை இறக்கிக்கொண்டிருந்தார். சட்டையெல்லாம் கிரீஸ். தனியாக வந்திருந்தார்.

"வாண்டு எங்க?" என்றேன்.

"எங்கன்னா? உள்ள இல்லையா?"

"நீங்கதானே கூட்டிட்டுப் போனீங்க?"

அவர் பை தரையில் விழுந்தது. "நான் எங்க கூட்டிட்டுப் போனேன்? கிளம்பும்போது உன்கிட்ட சொல்லிட்டுத்தானே போனேன். லிஃப்ட்ல ஆள் மாட்டிக்கிச்சு, பாப்பாவ பாத்துக்கோன்னு கதவத் திறந்து சொன்னேன். நீ 'ம்'னு சொன்ன."

"நான் எப்ப 'ம்' சொன்னேன்?"

"சொன்ன. ரெண்டு தடவ சொன்ன."

தூக்கத்தில் நான் எதற்கு வேண்டுமானாலும் 'ம்' சொல்வேன். வீட்டை எழுதிக் கொடு என்றாலும் 'ம்'தான். பத்து வருஷமாக என்னோடு குடித்தனம் நடத்துகிறவருக்கு அது தெரியாதா? வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் சண்டை போடக் குரல் எழவில்லை. பேயறைந்த மாதிரி நின்றார்.

"கண்ணாமூச்சி ஆடிட்டு இருந்தோம். நான் எண்ணிட்டு இருக்கும்போதுதான் போன் வந்துச்சு" என்றார்.

"வாண்டு" என்று கத்தினேன். அந்த வீட்டில் வெகுநாளாக யாரும் அவ்வளவு சத்தம் போட்டதில்லை. பதில் இல்லை.

கதவுக்குப் பின்னால், திரைச்சீலைக்குப் பின்னால், அலமாரிக்குள், சமையலறை மேடைக்கு அடியில் என்று தேடினோம். அட்டைப்பெட்டி வீட்டைத் தூக்கிப் பார்த்தேன், சாக்ஸ் பொம்மைகள் இரண்டும் உள்ளே படுத்திருந்தன. படுக்கையறைக்கு ஓடி மண்டியிட்டுக் குனிந்தேன். நல்லாயிருந்த இழுப்பறையை இழுத்தால் விரிப்புகள்தான். பக்கத்தில் நான் அடைத்து வைத்த பெட்டி. எழுந்து ஓடினேன்.

அப்போதுதான் மெஷின் சுற்றுகிற சத்தம் என் காதில் விழுந்தது.

ஒவ்வொரு துணியாக நான்தான் எடுத்து உதறிப் போட்டேன். அதற்குள் வேறு எதுவும் இருக்க முடியாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம். கண்ணாடிக்குப் பின்னால் சோப்பு நுரையில் சிவப்பாக ஏதோ சுருண்டு சுருண்டு போனது. பொத்தானை அமுக்கினேன். நின்றது, ஆனால் கதவு திறக்கவில்லை. தண்ணீர் வடிந்த பிறகுதான் பூட்டு விடும், பாதுகாப்புக்காம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றேன். கடைசியில் 'டிக்' என்று பூட்டு விட்டது. எல்லாத் துணியையும் தரையில் வாரிப் போட்டேன். சிவப்பாகத் தெரிந்தது சமையலறைத் துண்டு. அதை மார்போடு அணைத்துக்கொண்டு ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"செருப்பு இல்ல" என்றார் அவர் வாசலிலிருந்து. "அவ வெளிய போயிருக்கா."

வெளியே என்று கேட்டதும் பயம் வேறு மாதிரி ஆனது. வீட்டுக்குள் என்றால் எண்ணித் தேடிவிடலாம். வெளியே நான்கு மாடி, படிக்கட்டு, மொட்டை மாடித் தொட்டி, தெரு, தெருவில் போகிற அத்தனை வண்டி, அத்தனை ஆள். அப்பா கதவைச் சாத்திக்கொண்டு போனதும் பின்னாலேயே போயிருப்பாளோ? பால்கனிக்குப் போய்க் கீழே பார்க்க வேண்டும் என்று தோன்றியது. போய்ப் பார்த்தேன். கீழே சிமெண்ட் தரையில் ஒரு பூனை படுத்திருந்தது.

எதிர்வீட்டுத் தையல்காரம்மா கழுத்தில் இஞ்சு டேப்போடு ஓடி வந்தார். காவலாளியைக் கேட்டால், "நான் மோட்டார் போடப் பின்னாடி போயிருந்தேம்மா, அந்த நேரத்துல போயிருந்தா தெரியாது" என்றார். அவரை மொட்டை மாடிக்கு அனுப்பினோம். தொட்டி மூடி பூட்டியபடியே இருக்கிறது என்று மேலேயிருந்து கத்திச் சொன்னார்.

நான் தெருவுக்கு ஓடலாம் என்று படியிறங்கும்போது என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தெருவுக்குப் போகவில்லை. தரைத்தளத்தில் லிஃப்டை நிறுத்திவிட்டு, சாவியைப் போட்டுக் கதவைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவர் எதைத் தேடுகிறார் என்று எனக்கு உடனே புரிந்தது. லிஃப்ட் குழியில் என்னென்ன விழும், யார் யார் விழுவார்கள் என்று அவருக்குத் தெரியும். சாப்பிடும்போது சொல்ல ஆரம்பித்து, நான் முறைத்தால் நிறுத்திக்கொள்வார். இன்று அந்தக் கதையெல்லாம் அவர் தலைக்குள் ஓடியிருக்கும். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு குழிக்குள் இறங்கினார். நான் விளிம்பில் நின்றேன். எட்டிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

"இல்ல" என்றார் உள்ளேயிருந்து. பிறகு ஏறி வந்தார். குழியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கிளிப்பை எடுத்து வந்திருந்தார். நீலக் கிளிப், எங்கள் வீட்டுத் துணி கிளிப்தான். என்றைக்கோ விழுந்திருக்கும். அதை என்னிடம் நீட்டினார், நான் வாங்கிக்கொண்டேன். இரண்டு பேருக்கும் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

தெருமுனைக் கடை வரைக்கும் போய்க் கேட்டோம். அவர் தங்கைக்குப் போன் செய்தோம், அங்கேயும் இல்லை. போலீசுக்குச் சொல்லலாம் என்றார் தையல்காரம்மா. என் வீட்டுக்காரர் போனில் தகவல் சொல்ல ஆரம்பித்தார். என்ன உடுப்பு போட்டிருந்தாள் என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். அவர் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியாது. காலையில் நான் வந்து படுக்கும்போது அவள் போர்வைக்குள் இருந்தாள். என் பிள்ளை இன்றைக்கு என்ன நிறத்தில் உடுத்தியிருக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை.

மறுபடி வீட்டுக்குள் வந்தேன். எனக்கு வேலை மூச்சோடு. மூச்சு நின்றால் எத்தனை நேரத்தில் என்ன ஆகும் என்று நான் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அது தெரியாத தாயாக இருந்திருக்கக் கூடாதா என்று அன்று நினைத்தேன். அறை அறையாக நடந்தபடி கெஞ்ச ஆரம்பித்தேன்.

"வாண்டு, வந்துடும்மா. அம்மா போன் தரேன். எவ்ளோ நேரம் வேணாலும் பாரு. டிவி போடறேன், பாரு, போர்வைய எடுத்துட்டேன். கார்ட்டூன் வந்துடுச்சு பாரு." நிஜமாகவே டிவியைப் போட்டேன். கூடத்தில் கார்ட்டூன் முயல் ஒன்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு ஓடியது. யாரும் வரவில்லை. என் வீட்டுக்காரர் கதவு நிலையில் சாய்ந்து அழுதார். அவர் நிஜமாக அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

தையல்காரம்மா மட்டும் கொஞ்சம் நிதானமாக இருந்தார். "இருங்க" என்றார். "புள்ள ஒளிஞ்சு வெளையாடிட்டு இருந்துச்சுன்னுதானே சொன்னீங்க. யாரு தோத்தது?"

"யாரும் தோக்கல. நான் எண்ணிட்டே இருந்தேன், போன் வந்துச்சு, போயிட்டேன்" என்றார் அவர்.

"அப்ப ஆட்டம் இன்னும் முடியலியே."

நானும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கார்ட்டூன் போட்டாயிற்று. கதவைச் சாத்திக்கொண்டு போயாயிற்று. பாப்பாவைக் காணோம் என்று அழுதும் ஆயிற்று. எதையெல்லாம் நம்பக்கூடாது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தோமோ, அதையெல்லாம் ஒன்று விடாமல் செய்து முடித்திருந்தோம்.

டிவியை அணைத்தேன். அவர் கூடத்தின் நடுவில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வாசலில் காவலாளியும் மாடி வீட்டு ஆட்களும் நின்றிருந்தார்கள். கிரீஸ் கையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார்.

"நான் தோத்தாங்கோளி" என்றார். "நான் தோத்தாங்கோளி." மூச்சு இழுத்துக்கொண்டார். "நான் தோத்தாங்கோளிம்மா."

யாரும் சிரிக்கவில்லை. எனக்கு என் இதயம் அடிப்பதுகூட இடைஞ்சலாக இருந்தது. அவர் தலையில் வைத்த கையை எடுக்காமல் அப்படியே இருந்தார். ஒன்றுமில்லை, அவ்வளவுதான் என்று நான் நினைத்த நேரத்தில் படுக்கையறையில் ஏதோ சுரண்டியது. எலி சுரண்டுவது போல மெல்லிய சத்தம்.

கட்டிலடியில் இருந்துதான் வந்தது.

நான் உதைத்து உதைத்து அடைத்த பெட்டி வெளியே வர மறுத்தது. கைப்பிடி பிய்ந்து கையோடு வந்தது. அவர் மெத்தையைப் புரட்டித் தள்ளி, கட்டிலின் ஓரத்தையே தூக்கிப் பிடித்தார், நானும் தையல்காரம்மாவும் பெட்டியைப் பிடித்து இழுத்தோம். இழுப்பறைகள் கட்டிலின் பாதி ஆழம்தான். அவற்றுக்குப் பின்னால் சுவர் வரை காலி இடம் இருக்கிறதென்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. அவளுக்குத் தோன்றியிருக்கிறது. தடைசெய்யப்பட்ட பகுதிக்குள் அப்பா வர மாட்டார் என்று கணக்குப் போட்டுத் தவழ்ந்து போயிருக்கிறாள். செருப்பைப் பார்த்து அப்பா கண்டுபிடித்துவிடுவார் என்று அதையும் கையோடு கொண்டு போயிருக்கிறாள்.

காலைப் பிடித்து இழுத்தேன். மஞ்சள் சட்டை. தலைமுடி நெற்றியில் அப்பியிருந்தது, முகம் சிவந்து வியர்வையில் ஊறியிருந்தது. பாவாடை நனைந்து மூத்திர வாடை அடித்தது. முதலில் மூக்கருகே கை வைத்தேன், பிறகு நாடியைப் பிடித்தேன், நகத்தைப் பார்த்தேன், உதட்டைப் பார்த்தேன். துடிப்பு குதிரை ஓட்டம் ஓடியது. நகத்தை அமுக்கி விட்டதும் நிறம் திரும்பியது. அதற்குப் பிறகுதான் கட்டிப்பிடித்தேன். அவர் என்னையும் சேர்த்துக் கட்டிப்பிடித்தார். தையல்காரம்மா டேப்பின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னலைத் திறந்துவிட்டார்.

தண்ணீர் குடித்ததும் அவள் முதலில் அப்பாவைத்தான் பார்த்தாள். "நீ தோத்துட்ட" என்றாள், குரல் கரகரவென்று வந்தது.

"ஆமாம்மா. தோத்துட்டேன்."

"கூப்பிட்டோமேடி" என்றேன். "எவ்ளோ கத்தினேன். கேக்கலையா?"

"கேட்டுச்சு. அப்பா நடிக்கறாரு, நீயும் சேர்ந்துட்டன்னு நெனச்சேன்."

"அதுக்கு முன்னாடி? அம்மா பெட்டிய வச்சு அடச்சேனே, அப்பவே கூப்பிட்டிருக்கலாம்ல?"

"அப்ப தூங்கிட்டேன். அப்புறம் முழிச்சுப் பாத்தா இருட்டா இருந்துச்சு. தள்ளிப் பாத்தேன், நகரல. பயமா இருந்துச்சு."

"பயமா இருந்தா அம்மாவக் கூப்பிட வேண்டாமா? நான் மேலதானே படுத்திருந்தேன்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். திட்டு விழுமா விழாதா என்று பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"நீ பெரியம்மாகிட்ட போன்ல சொன்னியே. வீட்ல யாருமே இல்ல, இப்பதான் நிம்மதியா இருக்குன்னு. அதான் கூப்பிடல."

அவர் என் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. பெட்டிக்குப் பின்னால் இருந்த தூசியெல்லாம் தொண்டையில் போயிருக்க வேண்டும், வாண்டுவுக்கு இருமல் வந்தது. ஒரு கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் வாயை இறுகப் பொத்திக்கொண்டு, சத்தம் வராமல் இருமினாள்.